கூழும் லிக்விட்தானே என்றார்கள்

"வெயிட் குறைக்கிற ஆபரேஷனா? ஓ, ஷார்ட்கட்டா!" என்று சொல்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்காக எழுதியது இல்லை. நீங்கள் தாராளமாகக் கிளம்பலாம். ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு, பயத்தில் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும் யாரோ ஒருத்திக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தேடினேன். கிடைத்ததெல்லாம் வெள்ளைக்காரர்கள் எழுதியது. சூப் குடித்தார்களாம், ஜெல்லி சாப்பிட்டார்களாம், நாய்க்குட்டியோடு வாக்கிங் போனார்களாம். அவர்கள் யாருக்கும் தவளக்குப்பத்தில் அத்தை இல்லை. அவர்கள் யார் வீட்டுத் தெருமுனையிலும் ஆடி மாதம் கூழ் ஊற்றவில்லை.

என் பெயர் கல்பனா. வீடு முதலியார்பேட்டை. அப்பா மில்லில் இருந்தார், மில் வேலை போனபிறகு மினி லாரி ஓட்டுகிறார். நான் பி.டெக். முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருந்தேன். இது சும்மா பேச்சுக்கு இல்லை. உண்மையிலேயே எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினேன். பஸ்ஸில், பரீட்சை ஹாலில், பேசிக்கொண்டிருக்கும்போதே. ஒரு நாள் கடலூர் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே தூங்கி, ஒரு முலாம்பழக் கடைக்குள் நேராகப் போய்விட்டேன். கடைக்காரர் என்னைத் தூக்கிவிடவில்லை. "ஏம்மா, குடிச்சிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பழங்களைப் பொறுக்கப் போனார்.

அதற்குப் பிறகுதான் டாக்டர். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி, மூக்கில் குழாய் மாட்டி, "இப்ப தூங்கும்மா" என்று சொல்லி ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். தூங்கும்போது எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். தொண்டையைச் சுற்றி இருக்கிற கொழுப்பு மூச்சுக்குழாயை அமுக்கி மூடிவிடுகிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது, திரும்பத் தூங்கினால் திரும்ப மூடுகிறது. இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். ராத்திரி முழுக்க இந்தக் கூத்து நடந்தால் பகலில் முலாம்பழக் கடைக்குள்தான் போக வேண்டும். கூடவே சர்க்கரையும் வந்துவிட்டது. "இப்படியே விட்டா இதயம் தாங்காது" என்றார் டாக்டர். இந்த வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். குண்டாக இருந்தால் காது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ.

டயட் செய்யவில்லையா என்று கேட்காதீர்கள். கொள்ளுக் கஞ்சி, வாழைத்தண்டு ஜூஸ், வெந்நீரில் தேன், பட்டினி, பிறகு திரும்பவும் கொள்ளு. விடிகாலையில் பீச் ரோட்டில் நடந்தேன். எனக்குப் பின்னால் நடந்த இரண்டு பேர் "பூமி அதிருதுடா" என்று சிரித்தார்கள். அவர்களைத் திரும்பிப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆபரேஷன் செய்கிற டாக்டர் வாரத்துக்கு ஒரு முறை சென்னையிலிருந்து வருவார். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அதன் வெயிட்டிங் ரூமில் கை வைத்த பிளாஸ்டிக் சேர்கள். இந்த ஆபரேஷனுக்கு வருகிறவர்களில் எவளும் அதில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் சேரோடுதான் எழுந்திருப்பாள். அதைக்கூட யோசிக்காத இடத்தில் என் வயிற்றை நம்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நின்றுகொண்டே நினைத்தேன்.

டாக்டர் படம் போட்டு விளக்கினார். வயிற்றின் மேல்பகுதியில் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு மட்டும் தனியாக ஸ்டேப்லர் போட்டுப் பிரித்துவிடுவார்கள். சிறுகுடலை மேலே இழுத்து அந்தக் குட்டி வயிற்றோடு சேர்த்துத் தைப்பார்கள். சாப்பாடு அந்தச் சின்ன வாசல் வழியாக நேரே குடலுக்குப் போய்விடும். பழைய வயிறு சும்மா கிடக்கும். இதுதான் பைபாஸ்.

அத்தைக்குச் சந்தேகம். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தவளக்குப்பத்தில் நிலம், நாலு மாடு, ஊர் முழுக்கக் கேட்கும் குரல். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவள் இல்லாமல் நடக்காது.

"அந்தப் பெரிய வயித்த வெட்டி எடுத்துருவீங்களா டாக்டர்?"

"இல்லம்மா, உள்ளயேதான் இருக்கும்."

"உள்ளயே இருந்தா அதுக்குப் பசிக்காதா?"

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

"அப்ப ஆடி பொறக்கறதுக்கு முன்ன முடிச்சிக் குடுத்துடுங்க. ஆடியில கத்தி வைக்க வேணாம்" என்று அத்தை தேதியையும் அவளே குறித்தாள். ஆனி மாதக் கடைசியில் என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பில்லைப் பற்றி எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் எழுதவில்லை.

கண் விழித்தபோது வயிற்றில் வலி இருக்கும் என்று தயாராக இருந்தேன். வலி தோளில் இருந்தது. யாரோ தோள்பட்டைக்குள் கடப்பாரையைச் செருகி நெம்புகிற மாதிரி. ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, கையை வெட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்கிற ஆபரேஷனில் வயிற்றுக்குள் கேஸ் அடித்து உப்ப வைப்பார்கள், உள்ளே இடம் வேண்டுமே. அந்தக் கேஸ் முழுதாக வெளியே வராது. மிச்சம் போய் உதரவிதானத்தில் முட்டும், வலி தோளில் தெரியும். நடந்தால்தான் போகும். இதை ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிட்டேன், குறித்துக்கொள்ளுங்கள்.

"எந்திரிச்சு நடம்மா" என்றார் நர்ஸ்.

"சிஸ்டர், நான் செத்துக்கினு இருக்கேன்."

"நடந்துகிட்டே சாவு. எந்திரி."

பக்கத்துப் பெட்டில் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த ஒரு வயதான அம்மா. புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவராம், வார்டில் எல்லோரும் அந்த அம்மாவை மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் "தூஸ்மா, தூஸ்மா" என்பார். மெதுவாக என்று அர்த்தம். ஒரு பக்கம் நர்ஸ் "சீக்கிரம்", இன்னொரு பக்கம் மதாம் "தூஸ்மா". இரண்டு பேரையும் ஒரே ஜன்னல் வழியாகத் தள்ளிவிடலாம் போலிருந்தது.

பிறகு அந்தக் குமட்டல். சாதாரணக் குமட்டல் இல்லை. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, டீசல் வாடையில் திண்டிவனம் ரோட்டின் எல்லாக் குழியிலும் விழுந்து எழுந்தால் வருமே, அது, நிற்காமல். மயக்க மருந்தும் வலி ஊசியும் சேர்ந்து செய்கிற வேலையாம். அதற்கு ஓர் ஊசி போட்டார்கள், அந்த ஊசி தலைவலியைக் கொடுத்தது. வாந்தி வந்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டேன். தையல் கசிந்தால் வயிற்றுக்குள் சீழ் பிடித்து மறுபடியும் திறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த ஒரு பயம்தான். சாப்பிட முடியாதது எல்லாம் பயமே இல்லை. உள்ளே எங்கோ ஸ்டேப்லர் பின் ஒவ்வொன்றாகத் தெறிப்பது போல ஒவ்வொரு எக்கலுக்கும் தோன்றியது.

எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு மருந்துத் தண்ணீரைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கசியவில்லை. அப்புறம் மருந்து பாட்டில் மூடியில் தண்ணீர். ஒரு மூடி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூடி. அம்மா அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லி முட்டை உடையாமல் எடுப்பவள் மாதிரி என் உதட்டில் வைத்தாள். நல்லபடியாக இறங்கியது. டிஸ்சார்ஜ்.

வீட்டுக்கு வரும்போது அப்பா மினி லாரியில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் நின்று, இறங்கிப் பார்த்துவிட்டு வராத குறையாக ஓட்டினார். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினான். அப்பா ஜன்னலில் கையை நீட்டி "உள்ள கண்ணாடி இருக்கு சார்" என்றார்.

வீட்டில் தாளிக்கிற வாடை வந்தாலே எனக்குக் குடல் சுருண்டது. அதனால் அம்மா பின்கட்டில் தகரக் கூரைக்கு வெளியே ஸ்டவ்வை வைத்துச் சமைத்தாள். அவளும் அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்டு தோட்டத்தில் நின்றே சாப்பிட்டார்கள். மழை பெய்த நாளில் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டதைக் கதவுச் சந்து வழியாகப் பார்த்தேன். அப்பா தட்டைப் பிடிக்க, அம்மா குடையைப் பிடிக்க. இதையெல்லாம் எழுதுவது, பின்னால் நான் அவர்களைத் திட்டப் போகிறேன், அதனால். இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

முதலில் தண்ணீர், மோர், பருப்புத் தண்ணீர் என்று நன்றாகத்தான் போனது. பிறகு குழைந்த சாதத்துக்கு வரலாம் என்றார்கள். வந்தேன். அது திரும்பி வந்தது. சரி, அவசரப்பட்டுவிட்டேன் என்று இட்லியைக் கரைத்துக் குடித்தேன். அதுவும் வந்தது. அடுத்து மோர் வந்தது. கடைசியில் வெறும் தண்ணீர். நெஞ்சுக்கு நடுவில் ஒரு முஷ்டி இறுகும், வாயெல்லாம் எச்சில் ஊறும், பிறகு நுரை நுரையாக வெளியே வரும். சாதாரண வாந்தியில் புளிப்பு இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. போன தண்ணீர் போன மாதிரியே திரும்பி வந்தது. கீழே எங்கோ கதவு சாத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரியவில்லை.

"என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"ஆபரேஷன் பண்ணா வாந்தி வரத்தான்டி செய்யும். பழகிடும்" என்றாள் அம்மா.

"செக்கப்புக்கு இன்னும் நாள் இருக்கேம்மா. குடுத்த தேதிக்கு முன்னாடி போய் நின்னா டாக்டர் என்னா நெனப்பாரு?" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் இது ஒரு வியாதி. டாக்டர் கொடுத்த தேதி என்றால் கோர்ட் கொடுத்த தேதி. முன்னாடி போனால் அவரை அவமதித்ததாகிவிடும். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டர் வெளிநாட்டில் கான்ஃபரன்ஸ். டயட் சொல்கிற பெண் எடுத்தாள். "ஃபாஸ்ட்டா குடிச்சிருப்பீங்க. மெதுவா சிப் பண்ணுங்க" என்றாள். மூடியில் குடிக்கிறவள் இதற்கு மேல் எப்படி மெதுவாகக் குடிப்பது? சொட்டு மருந்துக்குழாயிலா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது எது தெரியுமா? பார்க்க வந்தவர்கள். நான் நாக்கு வறண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல் கிடக்கிறேன். எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே கையைத் தட்டினாள்.

"ஏய் கல்பு! சூப்பரா எளைச்சிட்டடி! மூஞ்சில எலும்பு தெரியுது பாரு!"

"அக்கா, தண்ணி எறங்கல அக்கா."

"அதான் எளைச்சிருக்க! இப்படியே மெயின்டெய்ன் பண்ணு!"

எல்லோருக்கும் சந்தோஷம். நான் சாவதுகூட அவர்கள் கண்ணுக்கு அழகாக இருந்தது.

அத்தைக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. அவள் வேறு காரணம் கண்டுபிடித்தாள். நான் தியேட்டருக்குள் இருந்தபோது அவள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம், மருமகள் பிழைத்து வந்தால் ஆடிக் கூழில் முதல் சொம்பை அந்த மருமகளே வாங்கிக் குடிப்பாள் என்று. அது பாக்கி. அதனால்தான் வாந்தி.

"ஆத்தா கணக்கு முடிக்காம எதுவும் தங்காதுடி உள்ள" என்றாள்.

"அத்த, தண்ணியே தங்கல. கூழ் எப்படித் தங்கும்?"

"லிக்விட்தான குடிக்கச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கான்? கூழு லிக்விட் இல்லாம பின்ன என்னா, கொழுக்கட்டையா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். பி.டெக். படித்த மகள் ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். "கூழு லிக்விட்தான?" என்று அவர் அம்மாவைப் பார்த்தார். "கரைச்சு ஊத்தினா லிக்விட்தான்" என்றாள் அம்மா. மூன்று பேரும் சேர்ந்து ஓட்டெடுப்பு நடத்தி முடித்துவிட்டார்கள்.

கூழ் தெரியாதவர்களுக்கு: கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்த்துக் கிண்டிப் புளிக்க வைத்து, மோரும் வெங்காயமும் போட்டுக் கரைப்பது. எவ்வளவு கரைத்தாலும் நொய்யும் கட்டியும் இருக்கும். பெரிய வயிறு உள்ளவர்களுக்கு அமிர்தம்.

"டாக்டர்கிட்ட போறதா இருந்தா வரேன். கூழுக்கு வரமாட்டேன்" என்றேன்.

"நீ கூழ குடி. நிக்கலன்னா மறுநாளே டாக்டரு" என்றார் அப்பா. அவர் பேரம் பேசி அன்றுதான் பார்த்தேன். எனக்கு எழுந்து சண்டை போடத் தெம்பு இல்லை. ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தவளக்குப்பத்தில் கோயில் முன்னால் அண்டா அண்டாவாகக் கூழ். முருங்கைக்கீரை ஒரு பக்கம், கருவாட்டுக் குழம்பு ஒரு பக்கம். அந்த வாடையைச் சொல்ல வேண்டியதில்லை. புனல் ஸ்பீக்கர் காதுக்கு நேரே. பம்பைக்காரர்கள் அடித்த அடி என் காலி வயிற்றுக்குள் போய் அதிர்ந்தது. பூசாரி முதல் சொம்பை எடுத்தார். அத்தை கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே அழுதாள். அந்தப் பொம்பளை அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனாலும் வாய் திறந்தது. இரண்டு மடக்கு.

மூன்றாவது மடக்குக்கு இடமில்லை. முஷ்டி இறுகியது. இந்த முறை விடவில்லை. மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நெஞ்சில் ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிட்டது. நான் சொம்பைக் கீழே போட்டேன். குனிந்தேன், எக்கினேன், நுரை தள்ளியது. பின்னல் அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. கால் நிற்காமல் அப்படியும் இப்படியும் தள்ளாடினேன். நடுவில் மூச்சுக்காக "ஹா... ஹா..." என்று இழுத்தேன்.

பம்பை வேகம் பிடித்தது.

யாரோ ஒருத்தி குலவை போட்டாள். "வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!"

முதலில் எனக்குப் புரியவில்லை, யார் வந்தது என்று திரும்பிப் பார்க்க நினைத்தேன். அதற்குள் தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. இரண்டு பெண்கள் என் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி கையில் வேப்பிலையைக் கொடுத்தாள். இன்னொருத்தி எலுமிச்சம்பழத்தை என் வாயில் வைத்து அமுக்கினாள். முழுப் பழம்! ஓர் எலுமிச்சம்பழ வயிற்றுக்காரிக்கு எலுமிச்சம்பழம்! பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். "ஆத்தா கோவமா இருக்காடி!" என்று கூட்டம் சத்தம் போட்டது. அது மட்டும் உண்மை.

பூசாரி உடுக்கையை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "யாரு தாயி வந்திருக்கிறது? என்னா கொற வெச்சோம்? உன் புள்ளைங்களுக்கு வாய் தொறந்து சொல்லு!"

அத்தை தரையில் விழுந்து கும்பிட்டாள். அவள் பின்னால் அம்மா. அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். அந்த ஊரே நான் என்ன சொல்வேன் என்று வாயைப் பார்த்தது. இத்தனை நாளில் முதல்முறையாக.

மூச்சை இழுத்து, தொண்டையில் மிச்சம் இருந்த எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கத்தினேன்.

"என்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கடா!"

பூசாரி கையை உயர்த்தினார். "உத்தரவாயிடுச்சி! தாயி உத்தரவு! வண்டிய எடுங்க!"

அப்பா ஓடினார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. நாலு பேர் என்னைத் தூக்கினார்கள். இந்த முறை ஸ்பீட் பிரேக்கர் எதுவும் அப்பா கண்ணுக்குத் தெரியவில்லை. தேதியும் தெரியவில்லை. லாரியின் பின்னால் உட்கார்ந்து அத்தை என் காலைப் பிடித்துக்கொண்டு "போயினே இருக்கோம் தாயி, கோவிச்சிக்காத தாயி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

கேஷுவாலிட்டியில் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் வேப்பிலையோடு படுத்திருந்தேன். டூட்டி டாக்டர் என் வயதுதான் இருப்பாள். என் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளியது அப்படியே மடிந்து நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லை என்று அர்த்தமாம்.

"தண்ணி கூட எறங்காம எத்தன நாளா இருக்காங்க? ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க?"

அத்தைதான் பதில் சொன்னாள். "இன்னிக்குத்தான் உத்தரவாச்சு டாக்டர்."

டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தாள். முதலில் பி1 வைட்டமின் ஊசி, அதற்குப் பிறகுதான் டிரிப். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பைபாஸ் செய்தவர்கள் நாள் கணக்கில் வாந்தி எடுத்தால் பி1 தீர்ந்துபோகும். தீர்ந்தால் கண் இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், நினைவு போகும், போனது திரும்பாமலும் போகலாம். வெறும் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் இன்னும் மோசம். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து அவள் முடிக்கவில்லை. முடிக்காததால்தான் அம்மாவுக்கு உறைத்தது.

மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குட்டி வயிற்றையும் குடலையும் சேர்த்துத் தைத்த வாசல், தையல் ஆறும்போது தழும்பு கட்டிச் சுருங்கிவிட்டது. இதற்கு ஸ்ட்ரிக்சர் என்று பெயர். சிலருக்கு வரும். என் வாசலில் ஒரு பால்பாயிண்ட் ரீஃபில்தான் நுழைந்திருக்கும் என்றார் குழாய் விட்ட டாக்டர். அதன்மேல் ஒரு நொய் உட்கார்ந்திருந்தது. ஆத்தாவுக்குப் படைத்த நொய். அதை எடுத்துவிட்டு, ஒரு சின்ன பலூனைச் சுருட்டி உள்ளே விட்டு ஊதி வாசலை அகலப்படுத்தினார்கள். கத்தி கிடையாது. மறுபடியும் சுருங்கலாம், இன்னும் ஓரிரு முறை ஊத வேண்டி வரலாம் என்றார்கள். வரட்டும்.

அதனால், ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்து, முன்னால் இறங்கிய சாப்பாடு இறங்காமல், அப்புறம் தண்ணீரும் இறங்காமல் போனால், அது "பழகுகிற" விஷயம் இல்லை. தேதியைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். யார் தடுத்தாலும்.

சாயந்திரம் மூடியில் தண்ணீர் கொடுத்தார்கள். இறங்கியது. சில்லென்று நெஞ்சுக்குள் ஒரு கோடு போட்ட மாதிரி போய், கீழே போயே விட்டது. நான் அழவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த நேரம் பார்த்து அத்தை மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து என் நெற்றியில் வைத்தாள்.

"காப்பாத்திட்ட தாயி" என்றாள். அது எனக்குச் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அத்த, சாமியும் வரல, பூதமும் வரல. கத்தினது நான்."

"அப்படிச் சொல்லாதடி, நாக்கு அழுகிடும்."

"அழுகட்டும். அதே வார்த்தையத்தான வீட்டுல படுத்துக்கினு சொன்னேன்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு. அதே வாய்தான? அதே தொண்டதான?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா வெளியே போவதா உள்ளே வருவதா என்று தெரியாமல் வாசலில் நின்றார். அத்தை பொட்டலத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நீ சொன்னப்ப எவடி கேட்டா?" என்றாள்.

அவளுக்கு எப்போதும் ஊர் முழுக்கக் கேட்கும் குரல். இது பக்கத்துப் பெட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. அப்பா உள்ளே வந்து, அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருந்த பக்கத்திலேயே உட்கார்ந்தார். டிரிப் ஏறிய கையில் ஊசி குத்திய இடம் கடுத்தது.

"வலிக்குது" என்றேன்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அம்மா ஸ்டூலைத் தட்டிவிட்டாள். அத்தை "எங்கடி, எங்க?" என்று போர்வையை இழுத்தாள். அப்பா ஒரு கால் செருப்போடு காரிடாரில் "சிஸ்டர்! சிஸ்டர்! என் பொண்ணு வலிக்குதுன்னு சொல்றா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நர்ஸ் வந்து ஊசியை லேசாகத் திருப்பி பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "இதுக்கா மூணு பேரும் இந்த ஓட்டம்?" என்று திட்டினார்.

ஓடட்டும்.